தோண்டி எடுப்பதற்கு முன்

அடுத்த வாரம் மண்வாரி இயந்திரங்கள் இறங்கப்போகிற ஈரநிலம் ஒன்றில், குடுவை வடிவ இலைகளில் பூச்சிகளை விழவைத்து உண்ணும் குடுவைச் செடிகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. நிலத்தின் உரிமையாளர், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்துமூலமாகவே அனுமதி தந்துவிட்டார். எடுப்பது சரியா, தவறா? பூச்சியுண்ணும் தாவரங்களை வளர்ப்பவர்களிடம் இதைக் கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: எடுக்காமல் விடுவதுதான் தவறு. இந்த ஒரு சூழ்நிலையைப் பொறுத்தவரை எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் நீண்ட காலமாக இந்தச் செடிகளை வளர்த்தும், விதைகளைப் பரிமாறிக்கொண்டும், பிறர் வளர்ப்பதைக் கவனித்தும் வந்திருக்கிற எனக்கு, "மீட்கப்பட்டது" என்ற அடையாளத்தோடு கைமாறும் செடிகள் எல்லாமே இப்படிப்பட்ட நிலத்திலிருந்து வருவதில்லை என்பது நன்றாகத் தெரியும். அழிவு உறுதியாகிவிட்ட இடத்தில், உரிய அனுமதியோடு, எந்த இடத்துச் செடி என்ற பதிவு தொலையாமல், விலைக்கு விற்கும் நோக்கமின்றி எடுப்பதை மட்டுமே மீட்பு என்று நான் ஒப்புக்கொள்வேன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது காட்டிலிருந்து செடி சேகரிப்பதுதான். எடுத்தவரின் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காட்டுக்கு அது இழப்பே.

வளர்ப்பவர்களின் கோபத்துக்கு நியாயமான காரணம் இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அழிநிலை உயிரினங்கள் சட்டத்தின் கீழ், சரசீனியா என்ற வட அமெரிக்கக் குடுவைச் செடி வகையில் சரசீனியா ஓரியோஃபிலா 1979ஆம் ஆண்டிலும், மலைப்பகுதியைச் சேர்ந்த சரசீனியா ஜோன்சி 1988ஆம் ஆண்டிலும், அலபாமாவுக்கே உரிய சரசீனியா அலபாமென்சிஸ் 1989ஆம் ஆண்டிலும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் அந்தச் சட்டம் விலங்குகளுக்குத் தரும் காப்பைச் செடிகளுக்குத் தருவதில்லை. கூட்டரசின் நிலத்தில் அச்செடிகளைத் தொட முடியாது. தனியார் நிலத்திலோ, மாநிலச் சட்டம் குறுக்கே நிற்காதவரை, உரிமையாளர் தம் நிலத்தில் உள்ள கடைசிச் செடிவரை உழுதுபோடலாம். அதே செடியின் ஒரு துண்டை மாநில எல்லை தாண்டி விற்பதற்கோ அனுமதிச் சீட்டு வேண்டும். உழுது அழிப்பவரைக் கேட்காத சட்டம், அதன் பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்பவரை மட்டும் கேள்வி கேட்கிறது என்று அவர்கள் வருந்தும்போது அதை மறுக்க என்னால் முடிவதில்லை.

நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையிலும் இதே குறை உண்டு. கொடியாக ஏறும் குடுவைச் செடிகளான நெப்பந்தஸ் இனங்களில், போர்னியோவின் கினபாலு மலையைச் சேர்ந்த நெப்பந்தஸ் ராஜாவும், மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானாவும் அதன் முதல் இணைப்பில் இருக்கின்றன. காட்டிலிருந்து எடுத்தவற்றை எல்லை தாண்டி வணிகம் செய்யவே கூடாது. ஆனால் நெப்பந்தஸ் காசியானா வளரும் குன்றை நிலக்கரிக்காகக் குடைவதைத் தடுக்க அந்த உடன்படிக்கையால் ஆவதொன்றுமில்லை, ஏனென்றால் அது சுங்கச் சாவடியைத்தான் காவல் காக்கிறது, குன்றை அல்ல. இவ்வளவு ஓட்டைகள் இருக்கும்போது தனிமனிதர்கள் தாமே களத்தில் இறங்குவது இயல்பு. ஆயினும், இறங்குகிறவர் மீட்பவரா திருடுபவரா என்பதை, பெட்டிக்குள் கிடக்கும் வேரோடு கூடிய செடியைப் பார்த்து எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது என்பதால், சட்டம் மண்வெட்டியின் மீது கொள்ளும் ஐயத்தையும் நான் பிழையென்று சொல்லமாட்டேன்.

உண்மையான சிக்கல் "அச்சுறுத்தல்" என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் தொடங்குகிறது. இயந்திரத்தால் வரும் அழிவு ஒரு வகை. வடிகால் வெட்டி நீர்மட்டத்தைத் தாழ்த்துவது இன்னொரு வகை. மூன்றாவதாக, யாரும் எதையும் செய்யாமலேயே வரும் அழிவு ஒன்று உண்டு. நல்லெண்ணம் கொண்டவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இதில்தான். பொறிபோல் மூடும் இலைகளால் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப் உலகில் இயற்கையாக வளரும் இடம், வட, தென் கரோலினாவின் கடற்கரைச் சமவெளியில் வில்மிங்டன் நகரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள வட்டாரம் மட்டுமே. அங்குள்ள லாங்லீஃப் பைன் காடுகள் ஒரு காலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கில் சுமார் 9 கோடி ஏக்கருக்குப் பரவியிருந்து, பின்னர் அதில் சில சதவீதமாகச் சுருங்கிப்போனவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் தீதான் அந்தக் காட்டைத் திறந்த வெளியாக வைத்திருக்கிறது. வீடுகள் நெருங்கி வந்தபின் தீயை அணைக்கத் தொடங்கினார்கள், புதர்கள் எழுந்தன, ஓரங்குல உயரமுள்ள பொறிகளின் மேல் நிழல் விழுந்தது.

அப்படிப் புதர் மண்டிய நிலத்தில் மெலிந்து வெளிறிப்போய் நிற்கும் செடிகளைப் பார்ப்பவருக்கு மனம் பதறத்தான் செய்யும். இன்னும் இரண்டு வருடத்தில் இவை செத்துவிடும், நான் எடுத்துக்கொண்டுபோய்க் காப்பாற்றுகிறேன் என்று தோன்றும். ஆனால் இந்தச் செடிகளின் உயிர் இலையில் இல்லை, மண்ணுக்குக் கீழே இருக்கிறது. நெருப்பு மேலே உள்ளதையெல்லாம் எரித்துக் கடந்தபின் அடுத்த பருவத்திலேயே கிழங்குத்தண்டிலிருந்து புதிய இலைகள் கிளம்பும். நிழலில் பல வருடங்கள் பூக்காமல் அடங்கிக் கிடந்த குடுவைச் செடிகள்கூட வெளிச்சம் திரும்பியதும் கொத்துக்கொத்தாக எழும். அந்த நிலத்துக்குத் தேவைப்பட்டது கட்டுப்பாட்டோடு வைத்த ஒரு தீ, அல்லது புதரை வெட்ட முன்வரும் நாலு பேர். செடிகளைத் தோண்டி எடுத்துப் போனவர், திரும்பி எழக்கூடிய ஒரே கூட்டத்தை அங்கிருந்து அகற்றிவிட்டார். பின்னர் யாராவது அந்த நிலத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று வாதாட வந்தால், அங்கே காட்டுவதற்கு ஒரு செடிகூட இராது. அழிந்துகொண்டிருக்கும் வாழிடத்துக்கும் கைவிடப்பட்ட வாழிடத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை, தோண்டுவதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்டாவது அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தோண்டும் செயலையே சற்று நெருங்கிப் பார்க்கலாம். சரசீனியாவின் கிழங்குத்தண்டு நேராகக் கீழே இறங்குவதில்லை. மேல்மண்ணுக்குச் சற்றே கீழே படுத்தவாக்கில் மெல்ல நகர்ந்து, நுனியில் மட்டும் புதிய குடுவைகளை எழுப்புகிறது. வயதான செடியாக இருந்தால், கையளவு தெரியும் கொத்துக்குப் பின்னால், பல ஆண்டுகளின் வளர்ச்சி பழுப்பேறிய முண்டுகளாக மண்ணுக்குள் நீண்டு கிடக்கும். அவசரத்தில் மண்வெட்டியை இறக்குபவர் முன்பாதியை மட்டும் அறுத்துக்கொண்டு வருவார். வேர்களோ நூல்போல் மெலிந்தவை. பாசியோடு பின்னிக் கிடப்பவற்றை இழுத்தால் அறுந்துவிடும். வீனஸ் ஃப்ளைட்ராப்பின் அடிப்பாகம் சிறிய வெங்காயத்தாளின் அடியைப் போல வெளுப்பாக இருக்கும்; அதிலிருந்து இறங்கும் வேர்கள் கறுத்தும் மிகக் குறைவாகவும் இருக்கும். நெப்பந்தஸ் இவற்றையும்விட நுட்பமானது. வளர்ந்த கொடியின் கறுத்த மெல்லிய வேர்கள் தொட்டாலே நொறுங்கக்கூடியவை என்பதால், காட்டில் பல மீட்டர் ஏறி நிற்கும் கொடியைப் பெயர்த்து வந்தால் அது பிழைப்பது அரிது. மீட்பு என்று பெயரிட்டுச் செய்த ஒரு செயலின் முடிவில், காட்டிலும் செடி இல்லை, தொட்டியிலும் செடி இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

செடியோடு சேர்ந்து வாழ்பவற்றின் கணக்கு இதில் வருவதே இல்லை. சரசீனியா பர்பூரியாவின் குடுவையில் தேங்கும் மழைநீரில் வையோமியா ஸ்மித்தியை என்ற கொசுவின் புழுக்கள் வளர்கின்றன. வேறெங்கும் அவை வளர்வதில்லை. எக்ஸைரா என்ற அந்துப்பூச்சி தன் வாழ்நாள் முழுவதையும் சரசீனியாக் குடுவைகளிலேயே கழிக்கிறது. மற்றப் பூச்சிகள் வழுக்கி விழும் உட்சுவரில் அது விழாமல் நடமாடுகிறது. அதன் புழு குடுவையின் வாயைப் பட்டிழையால் மூடிக்கொண்டு உள்ளேயிருந்து தின்கிறது. போர்னியோவின் நெப்பந்தஸ் ஹெம்ஸ்லியானா குடுவைக்குள் ஒரு சிறிய வௌவால் பகலில் தங்கி உறங்குகிறது. அதன் எச்சமே செடிக்கு உணவாகிறது. நாம் தொட்டிக்குக் கொண்டுவருவது இந்த உறவுகளில் ஒரு பாதியை மட்டும்தான். இயந்திரம் வரப்போகிற நிலத்தில் மற்றப் பாதியைக் காப்பாற்ற நம்மால் முடியாது என்பது உண்மையே. ஆனால் இயந்திரம் வராத நிலத்தில், வரலாம் என்ற ஊகத்தின் பேரில் செடியை எடுப்பவர், இவை அனைத்தையும் தாமே அழிக்கிறார்.

வணிகத்துக்கு வருகிறேன். மீட்கப்பட்ட நெப்பந்தஸ் என்று ஒருமுறை எனக்கும் ஒரு விற்பனையாளர் படங்களை அனுப்பியிருந்தார். காடு வெட்டப்படுவதாகவும், செடிகளை எடுக்காவிட்டால் எரிந்துபோகும் என்றும் உருக்கமாக எழுதியிருந்தார். படத்தில் இருந்தது, விரல் பருமனுக்கு மரமாக முற்றிய தண்டு. அதன் உச்சியில் ஓட்டைகள் விழுந்த நாலைந்து இலைகள். பழைய இலைகளின் மேல் சாம்பல் நிறத்தில் படர்ந்த பாறைப்பாசி. அடியில் வேரே இல்லை, கத்தியால் சீவிய வெட்டுமுனை மட்டுமே. பண்ணையில் வளர்ந்த செடியின் இலையில் அத்தனை வருட வெயிலும் மழையும் பதிந்திருக்காது. எந்த மலை, எந்த நிலம், யார் அனுமதித்தார்கள் என்று கேட்டேன். விலையில் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. நான் வாங்கவில்லை. இப்படிப்பட்ட செடியை இரக்கப்பட்டு வாங்குவதும் அடுத்த செடியைத் தோண்டுவதற்கு முன்பணம் கொடுப்பதும் ஒன்றே. வாங்கியவரின் கண்ணுக்கு ஒரு செடி பிழைத்ததாகத் தெரிகிறது. விற்றவருக்கோ அந்த மலைக்கு மறுபடி ஏறக் காரணம் கிடைத்துவிடுகிறது.

காட்டுச் செடியின் மீதான நெருக்கடியைக் குறைத்ததில் இரக்கத்தைவிடத் திசு வளர்ப்புக்கும் விதை வளர்ப்புக்கும் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் வசதி படைத்தவர்கள் மட்டுமே தேடிப்போன இனங்கள், ஆய்வகக் குடுவைகளில் பெருக்கப்பட்டபின் எவரும் வாங்கக்கூடியவையாகிவிட்டன. இருந்தும் வீனஸ் ஃப்ளைட்ராப்பைத் திருடுவது நிற்கவில்லை. அது கடைகளில் எளிதாகக் கிடைத்தும், காட்டிலிருந்து மூட்டையாக அள்ளுபவர்கள் இருந்ததால்தான் வட கரோலினா 2014ஆம் ஆண்டு டிசம்பர் முதல் அத்திருட்டைச் சிறைத் தண்டனைக்குரிய கடுங்குற்றமாக்கியது. ஆகவே, எடுத்த செடி ஒன்றைக்கூட விற்கக்கூடாது என்ற நிபந்தனையை நான் மிகையானதாகக் கருதவில்லை. அதன் விதையில் பிறந்த நாற்றுகளை, பிறப்பிடம் குறித்த சீட்டோடு, பின்னாளில் பகிர்ந்துகொள்ளலாம். அதில் எந்த நிலத்துக்கும் கேடில்லை.

எடுத்தாகிவிட்டது, இனி எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. பக்கத்தில் இருக்கும் வேறொரு சதுப்பு நிலத்தில் நட்டுவிடலாம் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிற வழி. மிகுந்த கேட்டை விளைவிக்கக்கூடிய வழியும் அதுதான். சரசீனியா இனங்கள் ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். கலப்பில் பிறந்தவையும் மலடாக இருப்பதில்லை, மேலும் கலக்கும். தனித்தன்மையோடு வாழும் ஒரு கூட்டத்தின் நடுவே வேறிடத்துச் செடியைக் கொண்டுபோய் நடுகிறவர், இரண்டு மூன்று தலைமுறைக்குள் அந்தக் கூட்டத்தையே வேறொன்றாக மாற்றிவிடக்கூடும். வட அமெரிக்காவைச் சேர்ந்த சரசீனியா பர்பூரியா, அயர்லாந்து, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் சதுப்புகளில் மனிதர்களால் நடப்பட்டு, சில இடங்களில் உள்ளூர்ப் பாசிகளையும் சிறு செடிகளையும் நெருக்கிப் பரவி, இன்று அந்தச் சரசீனியாவையே கைகளால் பிடுங்கி அகற்றவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஆல்ட்ரோவாண்டா வெசிகுலோசா என்ற வேரற்ற மிதக்கும் நீர்ச்செடியின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். பழைய உலகின் நாலு திசைகளிலும் இருந்த இந்த இனம், குளங்கள் மாசடைந்ததாலும் தூர்ந்ததாலும் 20ஆம் நூற்றாண்டில் ஒவ்வோர் இடமாக மறைந்தது. ஜப்பானில் சைதாமா மாநிலத்து ஹோசோஜி குளத்தில் இருந்தவையும் 1960களில் இயற்கையில் இல்லாமல் போயின. வளர்ப்பில் காப்பாற்றி வைத்திருந்தவற்றைக் கொண்டு அந்தக் குளத்தை மீண்டும் உயிர்ப்பிக்கப் பாடுபட்டார்கள். வளர்ப்பவர்களின் கையில் செடி இருந்திராவிட்டால் அந்த முயற்சிக்கே இடமில்லை. அதே இனத்தை, அது ஒருபோதும் இயற்கையாக இருந்திராத அமெரிக்காவில், அழிந்துவரும் செடிக்கு ஒரு புகலிடம் தருகிறோம் என்ற எண்ணத்தில் ஆர்வலர்கள் குளங்களில் விட்டார்கள். இன்று நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா மாநிலங்களில் அது அயல் இனமாகப் பரவியிருக்கிறது. செடியும் ஒன்று, பரிவும் ஒன்று. ஆனால் முதலாவது அந்த இடத்துச் செடியை அந்த இடத்துக்கே திருப்பித் தந்தது, இரண்டாவது தன் விருப்பத்துக்கு ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டது.

எனவே பிறப்பிடப் பதிவை நான் செடிக்கு நிகராக மதிக்கிறேன். எந்த நிலம், எந்த நாள், எத்தனை செடிகளில் எத்தனை எடுக்கப்பட்டன, யார் அனுமதி தந்தார் என்ற விவரம் தொலைந்துபோன சரசீனியா அழகான தோட்டச் செடிதான். அதை எந்தக் காட்டுக்கும் திருப்பித் தரமுடியாது. இதிலும் ஒரு இக்கட்டு உண்டு. துல்லியமான இடத்தைச் சீட்டில் எழுதினால் அதுவே திருடர்களுக்கு வழிகாட்டியாகிவிடும். எழுதாமல் விட்டால் பத்து வருடத்தில் யாருக்கும் நினைவிருக்காது. பொறுப்பான வளர்ப்பவர்கள் தொட்டியில் ஒரு குறியீட்டை மட்டும் வைத்து, முழு விவரத்தை நம்பகமான தாவரவியல் தோட்டம் அல்லது பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

எடுப்பதென்றாலும் முழுச் செடியைத்தான் எடுக்கவேண்டும் என்பதில்லை. சரசீனியாவின் ஒரு காயில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும். அவற்றை உலர்த்திக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் பல வருடங்கள் முளைப்புத்திறன் குன்றாமல் இருக்கும். நிலம் அழியப்போகிறதா என்று இன்னும் உறுதியாகாத நிலையில், பல செடிகளிலிருந்து சிறு பங்கு விதைகளை எடுத்துவைத்தால், நிலம் பிழைத்தாலும் நட்டமில்லை, அழிந்தாலும் முழு இழப்பில்லை. நாற்று முதிர்ந்து பூக்க நாலைந்து வருடமாகும் என்பதால் பொறுமையற்றவர்களுக்கு இது பிடிப்பதில்லை. நெப்பந்தஸில் இந்த வழி கடினம். அதன் விதைகள் சில மாதங்களிலேயே உயிரிழந்துவிடுகின்றன. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மேற்குக் காலிமந்தானின் குனுங் கேலாம் என்ற ஒற்றைப் பாறை மலையில் மட்டுமே வாழும் நெப்பந்தஸ் கிளிப்பியாட்டா, சேகரிப்பவர்களாலும் தீயாலும் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட இனத்தின் ஒரே ஒரு ஆண் கொடியைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நான் இதைக் காப்பாற்றினேன் என்று ஒருவர் சொன்னால், அந்த இனத்துக்கு அதனால் கிடைத்த பயன் மிகச் சிறிது. துணையில்லாத கொடி எத்தனை வருடம் வாழ்ந்தாலும் ஒரு விதையையும் தராது. பல செடிகளிலிருந்து ஒவ்வொரு போத்து எடுத்து, ஆணும் பெண்ணும் கிடைக்கும்படி பல இடங்களில் வேர்பிடிக்கச் செய்து, பூக்கும் பருவத்தில் மகரந்தத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதுதான் பயன்தரும் வேலை. அது தனியொருவரால் ஆகாது.

வளர்ப்பவர்கள் பேசத் தயங்குகிற ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். மீட்ட செடியை எதில் நடுகிறோம்? பெரும்பாலும் மட்கிய சதுப்புப் பாசியான பீட் மாஸில். அது சதுப்பு நிலங்களை வடித்துக் காயவைத்து வெட்டியெடுக்கப்படுவது. ஒட்டும் இலைகளால் பூச்சி பிடிக்கும் ட்ரோசெராவும் சரசீனியாவும் வாழ்கிற, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் படிந்த நிலம் அது. ஓரிடத்துச் செடியைக் காக்க இன்னோர் இடத்துச் சதுப்பை மூட்டையாக வாங்குகிறோம். உயிரோடு வளர்த்து அறுவடை செய்யும் ஸ்பாக்னம் பாசியும், தென்னை நாரை உப்பு நீங்கக் கழுவிச் சேர்க்கும் கலவைகளும் சில இனங்களுக்குப் பொருந்துகின்றன, எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. நான் பீட்டை முழுவதுமாக விட்டுவிடவில்லை. ஆனால் மீட்பைப் பற்றிப் பேசும் எவரும் இந்தச் செலவையும் கணக்கில் எழுதவேண்டும்.

எனக்கு நம்பிக்கை தருகிற முன்மாதிரி வர்ஜீனியாவில் இருக்கிறது. அம்மாநிலத்தில் குடுவைச் செடிகள் ஏறக்குறைய அற்றுப்போகும் தறுவாயில் இருந்தபோது, மெடோவியூ உயிரியல் ஆய்வு நிலையம் எஞ்சியிருந்த உள்ளூர்ச் செடிகளிலிருந்து பெருக்கியதோடு நிற்காமல், ஜோசப் பைன்ஸ் என்ற காப்பிடத்துக்கான நிலத்தையே வாங்கி, லாங்லீஃப் பைனை நட்டு, உரிய காலத்தில் தீயிட்டு, அந்தச் செடிகளை அங்கே நட்டது. செடி எடுக்கப்பட்டபோதே அது எங்கே திரும்பவேண்டும் என்பதும் கருதப்பட்டது. ஒரு மீட்புப் பணிக்கு ஆள் சேர்க்கிறோம், வருகிறீர்களா என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பதும் இதைத்தான்: இந்த நிலத்தை விலைக்கு வாங்கவோ, ஒரு பகுதியையாவது ஒதுக்கச் சொல்லவோ யாராவது முயன்றார்களா? முயன்று தோற்றிருந்தால், எடுக்கும் செடிகளுக்கு அதே வட்டாரத்தில் பாதுகாக்கப்பட்ட நிலம் தேடப்படுகிறதா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், தோண்டும் நாளைத் தள்ளிவைத்துவிட்டு அதற்கான கடிதங்களை எழுத நான் உதவுகிறேன் என்று சொல்கிறேன்.

திரும்ப இடமே இல்லாத செடிகளும் உண்டு. அவற்றின் நிலம் இன்று கட்டடமாகவோ சுரங்கமாகவோ ஆகிவிட்டது. அப்படிப்பட்டவற்றை வைத்திருக்கும்படி யாராவது கேட்டால், ஒவ்வொன்றின் பிரதியும் வேறிரண்டு வளர்ப்பவர்களிடமாவது இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரே தொட்டியில் இருக்கும் இனம் ஒரு நாள் தண்ணீர் மாறினாலே போய்விடும். எனக்குப் பிறகு எந்தத் தொட்டி யாரிடம் போகவேண்டும், அதன் பதிவுகள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்பதையும் எழுதி, செடிகளைப் பற்றி ஒன்றும் அறியாத என் வீட்டாருக்கும் புரியும்படி வைத்திருக்கிறேன்.